தேறலும் தேறுதலும்

சுவையைப் பற்றி வழக்காடுவதில் பயனில்லை என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஒருவருக்கு இனிப்பது இன்னொருவருக்குத் திகட்டுகிறது. ஒருவர் விரும்பி உண்பதை இன்னொருவர் தொடவும் மறுக்கிறார். இதில் சரி எது, தவறு எது என்று யார் தீர்ப்பளிப்பது? அவரவர் நாவே அவரவர்க்கு நீதிமன்றம் என்று விட்டுவிடுகிறோம். எனினும் அதே மூச்சில், "அவருக்கு நல்ல இரசனை உண்டு" என்று ஒருவரைப் புகழ்கிறோம். "சுவை அறியாதவர்" என்று மற்றொருவரை ஒதுக்குகிறோம். தீர்ப்பே இல்லாத இடத்தில் நல்ல நீதிபதி, தீய நீதிபதி என்ற வேறுபாடு எப்படி எழும்? இந்த முரண்பாட்டைச் சற்று நின்று நோக்குவது நம் சிந்தனைக்குப் பயன் தரும்.

இதை ஆராய, பலருக்கு வியப்பளிக்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைத் தேர்ந்துகொள்கிறேன்: ஸ்காட்லாந்து நாட்டின் சிங்கிள் மால்ட் விஸ்கி, அதிலும் நீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வலிமையோடே புட்டியில் அடைக்கப்படும் வகை. மது எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்திருக்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரின் மொழியில் வளர்ந்தவர்கள். அப்படியிருக்க இப்பொருள் எதற்கு என்று அன்பர்கள் கேட்பது முறையே. என் மறுமொழி இது: இசையைக் கேட்பதால் செவி மங்குவதில்லை, ஓவியத்தைப் பார்ப்பதால் கண் கெடுவதில்லை. ஆனால் மதுவைச் சுவைப்பவரின் நிலை வேறு. தாம் மதிப்பிடும் பொருளே தம் மதிப்பிடும் ஆற்றலைக் கெடுக்கும் என்ற இடர் ஒவ்வொரு துளியிலும் அவர்முன் நிற்கிறது. தீர்ப்பிடுதல் எங்கே மிகுந்த ஆபத்தில் இருக்கிறதோ அங்கேதான் நேர்மையான தீர்ப்புக்கு என்னென்ன தேவை என்பதும் தெளிவாகத் தெரியும்.

பீப்பாயில் இருப்பது என்ன?

முதலில் பொருளை அறிவோம். 1494ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசுக் கருவூலக் கணக்கில் ஒரு குறிப்பு உள்ளது. அரசர் நான்காம் ஜேம்சின் ஆணைப்படி, 'உயிர்நீர்' வடிப்பதற்காக ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு 'போல்' அளவு மால்ட் வழங்கப்பட்டதாக அது கூறுகிறது. 'அக்குவா வீத்தே' என்ற அந்த இலத்தீன் பெயரையே கேலிக் மொழியினர் 'உஷ்க பேஹா' என்றனர். அதன் முதற்சொல் திரிந்து 'விஸ்கி' ஆயிற்று. வாழ்வின் நீர் என்று பெயர் பெற்ற ஒன்று எத்தனையோ வாழ்வுகளை மூழ்கடித்தது என்பது வரலாற்றின் கசப்பு. மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தபின், 1838இல், அயர்லாந்தின் கார்க் நகரில் கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூ மதுவை முற்றிலும் துறக்கும் உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். வடித்தவரும் துறவி, விலக்கச் சொன்னவரும் துறவி. இருவரையும் நினைவில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் சிங்கிள் மால்ட் எது என்பதைத் திட்டவட்டமாக வரையறுக்கின்றன. முளைகட்டிய வாற்கோதுமையும் தண்ணீரும் ஈஸ்ட்டும் மட்டுமே மூலப்பொருள்கள். ஒரே வடிசாலையில், பானை வாலைகளில், தொகுதி தொகுதியாக வடிக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாய்களில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தண்ணீரும், நிறத்திற்காகச் சேர்க்கும் வெறும் கருகிய சர்க்கரையும் தவிர வேறெதையும் கலக்கக் கூடாது.

வாலையிலிருந்து வெளிவரும் புதுச்சாறு ஏறத்தாழ 70 விழுக்காடு வலிமையுடையது. அதை வழக்கமாக 63.5 விழுக்காட்டிற்குத் தணித்துப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் அதற்கு நிறத்தையும் மணத்தையும் தருகிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இந்த இழப்பை அந்நாட்டார் 'வானதூதரின் பங்கு' என்கிறார்கள். எஞ்சியதை நீர் சேர்த்து 40 அல்லது 43 விழுக்காட்டிற்குக் குறைத்து விற்பது பெருவழக்கு. குறைக்காமல் அப்படியே அடைப்பதுதான் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்', அதாவது பீப்பாய் வலிமை. ஸ்பேசைடு வட்டாரத்தில், 1865 முதல் கிராண்ட் குடும்பத்தினரின் உடைமையாக இருந்துவரும் கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலையின் '105' இதற்குப் புகழ்பெற்ற சான்று. பழைய ஆங்கிலேய 'ப்ரூஃப்' கணக்கில் 105 என்பது இன்றைய கணக்கில் 60 விழுக்காடு.

இந்த வலிமையை அளந்த வரலாறே ஒரு பாடம். பண்டை நாளில் சாராயத்தை வெடிமருந்தில் ஊற்றித் தீ வைத்து, பற்றிக்கொண்டால் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்று கொண்டார்கள் எனச் சொல்வர். பின்னர் 1816ஆம் ஆண்டுச் சட்டம் சைக்ஸ் என்பாரின் நீர்மமானியை அளவுகோலாக்கியது. அதன்பின் வலிமையைப் பற்றி எவரும் சண்டையிட வேண்டியதில்லை. கருவியை மிதக்கவிட்டு எண்ணைப் படித்தால் போதும். ஆனால் அந்தக் கருவி வலிமையைத்தான் சொல்லும். நன்றா என்பதைச் சொல்லாது. நன்மையை அளக்க இன்றுவரை மனிதனைத் தவிர வேறு கருவி இல்லை. அந்தக் கருவியோ எளிதில் ஏமாறுவது.

வலிமையும் உண்மையும்

தேர்ந்த சுவைஞர் இத்தகைய விஸ்கியை எவ்வாறு அணுகுகிறார்? வாய் குறுகிய, அடி அகன்ற சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றுகிறார். நிறத்தைப் பார்க்கிறார், ஆனால் அதை நம்புவதில்லை. கருகிய சர்க்கரையால் நிறத்தை ஆழமாக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். பிறகு மூக்கருகே கொண்டுசெல்கிறார், பொறுமையாக, சற்று விலக்கியே. 60 விழுக்காட்டு ஆல்கஹாலை ஆழ மூச்சிழுத்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். அடுத்த சில நிமிடங்களுக்கு அது எதையும் அறியாது. ஓய்வு கொடுத்து மீண்டும் முகர்கிறார். உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், இலவங்கம், பழைய மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்குகின்றன. ஷெர்ரி எனும் ஸ்பானியத் திராட்சை இரசம் இருந்த பீப்பாயில் முதிர்ந்ததற்கு இவை அடையாளம்.

பின்னரே ஒரு துளி நாவில். முதலில் தெரிவது எரிச்சல்தான். இது சுவையன்று. மிளகாயின் காரத்தையும் வெப்பத்தையும் நமக்கு உணர்த்தும் அதே நரம்பு உணர்வியை ஆல்கஹால் தூண்டுகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 42 பாகை செல்சியசில் விழித்துக்கொள்ளும் அந்த உணர்வி, ஆல்கஹால் பட்டால் 34 பாகையிலேயே விழித்துவிடுகிறதாம். அதாவது நம் உடலின் வெப்பமே நமக்குத் தீயாகத் தோன்றுகிறது. நாம் எரிச்சல் என்று உணர்வது பீப்பாயிலிருந்து வந்ததன்று; நம் உடற்சூட்டை நாமே தவறாகப் படிப்பதுதான்.

அடுத்து அவர் செய்வது, பெருமைக்குக் குடிப்பவர் சிரிக்கும் செயல். சில துளி தண்ணீர் சேர்க்கிறார். 'கலப்படமில்லாத முழு வலிமை' என்று விலை கொடுத்து வாங்கியதில் தண்ணீர் ஊற்றுவதா? ஊற்றத்தான் வேண்டும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினி வழியே இதை ஆராய்ந்தனர். புகைமணத்திற்குக் காரணமான குவையக்கால் என்னும் மூலக்கூறை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 59 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வலிமையில் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு நீர்மத்தின் உள்ளேயே வைத்திருக்கின்றன; 45 விழுக்காடு வரையான வலிமையில் அது மேற்பரப்பில், நம் மூக்கை எட்டும் இடத்தில் தங்குகிறது. வடிசாலைகளில் கலவை வல்லுநர்கள் பெரும்பாலும் 20 விழுக்காடு வரை தணித்தே முகர்ந்து பார்க்கிறார்கள் என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

இதில் ஓர் அறநெறிச் செய்தி அடங்கியுள்ளது. நீர்க்காதது எல்லாம் மெய்யானது, தணித்தது எல்லாம் பொய்யானது என்று நினைக்கும் ஒரு மனப்பாங்கு நம்மிடையே உண்டு. "நான் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவன்" என்று பெருமைப்படுவோரைப் பார்க்கிறோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதன் சூடு, கேட்பவரின் நெஞ்சை மரத்துப்போகச் செய்து, உள்ளிருக்கும் உண்மையைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. வலிமை உண்மையைத் தாங்கி வரலாம். அதை மறைக்கவும் செய்யலாம். அளவறிந்து சேர்க்கும் நீர் உள்ளிருப்பதைக் குறைப்பதில்லை. அது வெளிவர வழி விடுகிறது. அளவு மீறினாலோ எல்லாம் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். எவ்வளவு என்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நின்று பார்க்க வேண்டும்.

பீப்பாயின் அடியில் கிடந்த சாவி

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். ஒருவர் 'உலர் திராட்சை' என்கிறார். மற்றவர் 'எனக்கொன்றும் தெரியவில்லை' என்கிறார். இதில் சரி, தவறு உண்டா?

விஸ்கியின் நாட்டிலேயே, எடின்பரோவில் 1711இல் பிறந்த டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் ஒரு கதையை எடுத்தாள்கிறார். சமயநம்பிக்கையை ஐயுற்ற மெய்யியலார் அவர். எனினும் இவ்வினாவில் அவர் காட்டிய வழி மதிக்கத்தக்கது. கதை, செர்வாந்தேசின் 'தோன் கிகோத்தே' நாவலிலிருந்து எடுத்தது. இரு உறவினரிடம் ஒரு பீப்பாய்த் திராட்சை இரசத்தைச் சுவைத்துக் கருத்துச் சொல்லக் கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இலேசான தோல் வாடை என்கிறார் ஒருவர். இலேசான இரும்புச் சுவை என்கிறார் மற்றவர். எல்லாரும் நகைக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய இரும்புச் சாவி கிடக்கிறது.

ஆக, சுவையில் காணப்படுவது வெறும் கற்பனையன்று. பொருளில் உள்ள ஒன்றைச் சிலரது நாவு பிடிக்கிறது, பலரது நாவு தவறவிடுகிறது. மேற்குக் கரையோர ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கியை முகர்பவர்கள் மருத்துவமனை வாடை, டிஞ்சர், புகை என்கிறார்கள். அங்கே வாற்கோதுமையை உலர்த்தப் பீட் எனப்படும் சதுப்புநிலப் புல்மண்ணை எரிக்கிறார்கள். அதன் புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்களை இன்று ஆய்வகத்தில் அளந்துவிடலாம். சாவி கிடைத்துவிட்டது.

ஆனால் கதையில் ஒரு நுட்பம் உண்டு. இருவரும் சரியே, இருவரும் பாதியே. தோலை உணர்ந்தவர் இரும்பைத் தவறவிட்டார்; இரும்பை உணர்ந்தவர் தோலைத் தவறவிட்டார். தான் உணர்ந்ததைத் துணிந்து சொல்வதும், பிறர் உணர்ந்ததை மறுக்காதிருப்பதும் சேர்ந்தால்தான் முழுமை கிட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1790இல் இம்மானுவேல் காண்ட், இனிமை வேறு, அழகு வேறு என்று பிரித்தார். கானரித் தீவின் திராட்சை இரசம் இனியது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு இனியது' என்று சேர்த்துச் சொல்வதே முறை என்றார். புலனின்பத்தில் பிறரை நம் வழிக்கு இழுக்க நமக்கு உரிமையில்லை என்பது அவர் கருத்து. ஹியூமையும் காண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. 'இதில் புகை இருக்கிறது' என்பது ஒரு கூற்று. அது சரியாகவோ தவறாகவோ இருக்கலாம். 'புகை எனக்குப் பிடிக்கிறது' என்பது வேறொரு கூற்று. அதை யாரும் திருத்த முடியாது. 'புகை இந்த விஸ்கியின் மற்ற இயல்புகளோடு இசைந்திருக்கிறது' என்பது மூன்றாவது; அது காரணம் காட்டி வாதிடத்தக்கது. இம்மூன்றும் குழம்பும்போதுதான் சண்டை வருகிறது.

ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர்) 1989இல் வெளியிட்ட மால்ட் விஸ்கிக் கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் தந்தார். அதன்பின் மதிப்பெண்ணே பலருக்கு வழிகாட்டி ஆயிற்று. மதிப்பெண்ணின் குறை யாதெனில், மேற்சொன்ன மூன்று கூற்றுகளையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடுகிறது. எவ்வளவு இருப்பதைக் கண்டார், எவ்வளவு தம் விருப்பத்தைச் சேர்த்தார் என்று பிரித்தறிய வழியில்லை. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போதும் இதை நினைவிற்கொள்வது நன்று.

பெயரை மறைத்தல்

நல்ல தீர்ப்புக்கு நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீடு இவற்றோடு முற்சாய்வின்மையும் வேண்டும் என்றார் ஹியூம். இது எவ்வளவு அரிது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ நகரில் திராட்சை இரசக் கலை பயின்ற 54 மாணவருக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளைத் திராட்சை இரசம் தரப்பட்டது. சிவப்பு இரசத்திற்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே இரசத்தை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை சொல்லப்பட்டதே மிக இனியது என்றனர் சுவைத்தோர். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியே அப்போது கூடுதலாகச் செயற்பட்டது. விலை நாவைத் திருத்தி எழுதியது.

எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் 1983இல் தோன்றிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டது. தனித்தனிப் பீப்பாயிலிருந்து முழு வலிமையோடு அடைத்த புட்டிகளின் முகப்பில் வடிசாலையின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியது: வடிசாலைக்கு ஓர் எண், பீப்பாய்க்கு ஓர் எண். பெயரைக் கண்டு மயங்காமல் உள்ளிருப்பதைப் பாருங்கள் என்பதே அதன் உட்பொருள். பெயர்பெற்ற வடிசாலையிலும் சோர்ந்த பீப்பாய் உண்டு. பெயரறியாத வடிசாலையிலும் உயர்ந்த பீப்பாய் உண்டு.

ஒரு பானத்தை நேர்மையாகச் சுவைக்கவே பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், குலம், ஊர், உடை, வேலை என எத்தனையோ முகப்புச்சீட்டுகளோடு நம் முன் வந்து நிற்கும் மனிதரை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? ஆள்பார்த்துத் தீர்ப்பிடுவது அநீதி என்று நாம் அறிவோம். ஆனால் அந்த அநீதி நம் உள்ளத்தில் பொய்யாகத் தோன்றுவதில்லை. நேரடி உணர்வாகவே தோன்றுகிறது. 90 டாலர் இரசம் உண்மையாகவே இனித்தது. ஆகவே 'என் மனத்தில் அப்படித்தான் படுகிறது' என்பது ஒருபோதும் போதிய சான்றாகாது.

அளவு என்னும் அறம்

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் மது அருந்தலைப் பற்றி வினாவெழுப்பி நிதானமாக ஆராய்கிறார். திராட்சை இரசம் தன்னளவில் தீயதன்று என்கிறார். ஆனால் நான்கு சூழல்களில் அது தவறாகிவிடும் என்று காட்டுகிறார்: அருந்துபவர் அதனால் எளிதில் கெடுபவராயிருந்தால், அருந்துவதில்லை என நேர்ச்சை செய்திருந்தால், அளவு மீறினால், பிறர் இடறிவிழ அது காரணமானால். மேலும், பானத்தின் வலிமையை அறியாமல் ஒருவர் மயங்கினால் அது குற்றமாகாது என்றும், அறிந்தே அளவு மீறுவது குற்றம் என்றும் பிரிக்கிறார். வலிமையை அறிவது அறத்தின் ஒரு பகுதி என்பது இதனால் பெறப்படும்.

ஆகவே கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியாவில் 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் ஓர் அலகு. 40 விழுக்காட்டு விஸ்கியில் 25 மில்லிலிட்டர் ஓர் அலகு. 60 விழுக்காட்டில் அதே 25 மில்லிலிட்டர் ஒன்றரை அலகு. கண்ணுக்குக் கிண்ணம் ஒன்றே. உடலுக்கு அது ஒன்றரைக் கிண்ணம். அந்நாட்டு மருத்துவத் தலைமை அலுவலர்கள் 2016இல் வாரத்திற்கு 14 அலகைத் தாண்ட வேண்டாம் என அறிவுறுத்தினர். 60 விழுக்காட்டு விஸ்கியின் 700 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 42 அலகுகள், அதாவது மூன்று வார எல்லை, அடங்கியுள்ளன. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்திற்கு முற்றிலும் ஊறற்ற அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தெரிவித்தது. இவற்றை மறைத்துச் சுவையை மட்டும் பேசுபவர் நேர்மையான சுவைஞர் அல்லர்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. தன்னடக்கம் என்பது சுவைக்குப் புறத்தேயிருந்து விதிக்கப்படும் தடை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது சுவையின் உயிர்நாடி. மூன்றாவது கிண்ணத்தில் நாவு தேயத் தொடங்குகிறது. ஐந்தாவதில் எல்லாம் ஒன்றே. பலவற்றை ஒரே நாளில் மதிப்பிட வேண்டிய வல்லுநர்கள் பெரும்பாலும் மூக்காலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். வாயில் வைத்ததையும் உமிழ்ந்துவிடுகிறார்கள். அதிகம் அறிந்தவர் குறைவாகவே உட்கொள்கிறார்.

ஒரு மறுப்பு

இவ்வளவும் கேட்ட பின் ஒருவர் எழுந்து, "இதெல்லாம் குடியருக்கு அணிவித்த பட்டாடை" என்று சொல்லலாம். "சாலையோரம் விழுந்து கிடப்பவனைக் குடிகாரன் என்கிறீர்கள், வீட்டில் அமர்ந்து இலவங்கம், ஆரஞ்சு என்று பேசிக் குடிப்பவரை இரசிகர் என்கிறீர்கள். இருவர் ஈரலும் ஒன்றுதானே?" என்று கேட்கலாம். இம்மறுப்பில் பெரும் உண்மை உள்ளது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஸ்காட்லாந்தே இதற்குச் சான்று. உலகின் மிக நுட்பமான மதுக் கலைகளுள் ஒன்றை வளர்த்த அந்நாட்டில், 2023ஆம் ஆண்டு மட்டும் மதுவால் நேரடியாக இறந்தோர் 1,277 பேர். மொத்த மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சமே. சுவைக்கலை இருந்தும் சாவு குறையவில்லை. 2018 மே மாதம் முதல் அந்நாட்டரசு ஓர் அலகுக்கு 50 பென்ஸ் எனக் குறைந்தபட்ச விலை விதித்தது. 2024 செப்டம்பர் இறுதியில் அதை 65 பென்சாக உயர்த்தியது. மலிவான கடும் மதுவைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். அக்கணக்கில் 42 அலகுப் புட்டிக்குக் குறைந்தபட்ச விலை 27 பவுண்டு 30 பென்ஸ். பீப்பாய் வலிமைச் சிங்கிள் மால்ட்டோ அதைவிட மிக உயர்ந்த விலைக்கே விற்கிறது. அச்சட்டம் அதைத் தொடவே இல்லை. எளியவரின் மது சமூகச் சிக்கல் என்றும், வசதியுள்ளவரின் மது பண்பாடு என்றும் பெயர் பெறுவதில் பணப்பைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நயமான சொற்கள் யாரையும் நல்லவராக்குவதில்லை. சில வேளைகளில் அவை தம்மிடமிருந்தே தம்மை மறைக்க உதவும் திரையாகிவிடுகின்றன.

அப்படியானால் சுவைஞரையும் குடிக்கு அடிமையானவரையும் பிரிக்கும் கோடு எது? சொல்வளமும் விலையும் அக்கோடாக முடியாது. ஒரே ஒரு சோதனைதான் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: பாதி நிறைந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழ முடிகிறதா? அப்படி வைக்க முடிந்தவரே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர். வைக்க முடியாதவரிடம் எத்தனை நுண்ணுணர்வு இருந்தாலும், அங்கே தீர்ப்பிடுவது கிண்ணம், மனிதர் அல்லர். ஒரு பொருளிடம் விடுதலை பெறாதவர் அப்பொருளைப் பற்றிய உண்மையைச் சொல்ல இயலாது. பதவி, பணம், புகழ் என எதற்கும் இது பொருந்தும்.

இச்சோதனையில் முழுத் துறவைத் தேர்ந்தவரின் இடமும் தெளிவாகிறது. அவர் சுவையறியாதவர் அல்லர். தம் இயல்பையும், தம் வீட்டாரின் கண்ணீரையும், அயலில் தடுமாறும் ஓர் இளைஞனையும் எடைபோட்டு, 'எனக்கு இது வேண்டாம்' என்று முடிவு செய்திருக்கிறார். அதுவும் ஒரு மதிப்பீடே. பெரும்பாலான சூழல்களில் மிக நுட்பமான மதிப்பீடும்கூட. அக்குவினாஸ் கூறிய நான்கு சூழல்களுள் ஏதேனும் ஒன்று நம்மில் மிகப் பலருக்குப் பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை.

நம் மொழி இங்கே நமக்கு ஒரு விளக்கைத் தருகிறது. தெளிந்த மதுவைச் சங்கத் தமிழர் தேறல் என்றனர். மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. தேறல் என்பது தேறு என்னும் வேரினின்று பிறந்தது. அதே வேரில்தான் ஆராய்ந்து தெளிதலைக் குறிக்கும் தேறுதலும், தேர்வில் தேறுதலும், துயருற்றவர் ஆறுதல் பெறும் தேறுதலும் பிறந்தன. கலங்கல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது எதுவோ அது தேறுகிறது. பீப்பாயில் அது நிகழப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. மனிதரைப் பற்றி, செயல்களைப் பற்றி, நம்மைப் பற்றி நாம் நாள்தோறும் தீர்ப்பிட வேண்டியிருக்கிறது. அவற்றுள் எத்தனை தீர்ப்புகளை முதல் எரிச்சல் தணியும்வரை காத்திருந்து சொல்கிறோம்? எத்தனை முறை முகப்புச்சீட்டை மறைத்துவிட்டுப் பார்க்கிறோம்? நாம் உணராத இரும்பை அயலார் உணர்ந்ததாகச் சொல்லும்போது, நகைக்காமல், பீப்பாயின் அடிவரை பார்க்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா? கிண்ணத்தைத் தொடாதவர்க்கும் இந்தக் கேள்விகள் உரியவையே.